அட்டையில் இருந்த பத்துக் குறிகள்



பள்ளிக்கூடங்கள் மாணவர்களை மலைக்கும் காட்டுக்கும் அழைத்துச் செல்லும் பருவம் இது. ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று பல பெற்றோர் நம்மிடம் கேட்கின்றனர். அவர்களுக்குப் பதிலாக ஒரு மாணவனின் இரண்டு பயணங்களை இங்கே எழுதுகிறோம். அவனிடமும் அவன் உம்மாவிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறோம். முதல் பயணத்தில் நேர்ந்த தவறில் நமக்கும் பங்கு உண்டு என்பதால், அதையும் மறைக்காமல் சொல்வது கடமை.

தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில் மாலை நேர மக்தபில் பாடம் நடத்துகிறோம். பகலில் பள்ளிக்கூடம், அஸருக்குப் பின் மதரஸா என்பதே நம் பிள்ளைகளின் வாழ்க்கை. நம் மாணவர்களுக்குத் தொழுகை அட்டை ஒன்று கொடுத்திருந்தோம். நாளொன்றுக்கு ஐந்து கட்டங்கள். தொழுத வேளைக்கு ஒரு குறி. வாரக் கடைசியில் அட்டையைப் பார்த்து, நிறைவாக இருந்தால் வகுப்பின் முன் பாராட்டுவோம்.

அம்மாணவன் எட்டாம் வகுப்பில் படித்தபோது அவனுடைய பள்ளிக்கூடம் ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் ஏற்பாடு செய்தது. வெள்ளி இரவு இஷாவுக்குப் பின் பேருந்து புறப்பட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் மலையில். திங்கள் விடியுமுன் ஊர் திரும்பினர். போகும்முன் சலாம் சொல்ல வந்தவனிடம் நாம் சொன்னது ஒரே வாக்கியம்: “எங்கே போனாலும் தொழுகையை விட்டுவிடாதே, விட்டால் என் முகத்தில் விழிக்காதே.” அதைக் கண்டிப்பு என்று அன்று எண்ணினோம். அவனுக்கு நாம் செய்திருக்க வேண்டிய உதவி எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை என்பது பிறகுதான் விளங்கிற்று.

திரும்பி வந்தவன் அட்டையைக் கொடுத்தான். இரண்டு நாள்களின் பத்துக் கட்டங்களிலும் குறி இருந்தது. நாம் மகிழ்ந்தோம். மலையின் மீதும் தொழுகையை விடாத பிள்ளை என்று வகுப்பின் முன் அவனை நிறுத்திப் பாராட்டினோம். அவன் தலை குனிந்தே நின்றான். அதை அடக்கம் என்று எண்ணிக்கொண்டோம்.

ஓர் ஆண்டு கழிந்தது. ஒன்பதாம் வகுப்பில் கொடைக்கானல் பகுதியில் மூன்று நாள் முகாம் என்று படிவம் வந்தது. அவன் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் உம்மா நம்மிடம் வந்து, “ஹஜரத், கயிற்றில் இறங்கப் பயப்படுகிறான் போலிருக்கிறது. எனக்கும் குரங்கணி நினைவு வந்து மனம் ஒப்பவில்லை. ஆனால் வகுப்பே போகும்போது இவன் மட்டும் வீட்டில் இருப்பதா என்றும் தோன்றுகிறது” என்றார். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் தாய்மார்கள் மறக்கவில்லை. அந்த அச்சத்தைக் குறைசொல்ல நம்மால் இயலாது.

அன்று மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் அவனை அமர்த்திக் கேட்டோம். நெடுநேரம் பேசாமல் இருந்தான். பின் சொன்னான்: “கயிற்றுக்குப் பயமில்லை ஹஜரத். போன வருஷம் அட்டையில் நான் போட்ட குறி எல்லாம் பொய்.”

ஒன்பது வேளை தொழவில்லை என்றான். மறந்ததால் அன்று, வெட்கத்தால். நாற்பது பேர் வரிசையாக நடக்கும்போது நான் மட்டும் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சார் என்ன சொல்வாரோ தெரியாது. எங்கே ஒளூ செய்வது, கிப்லா எந்தப் பக்கம், விரிக்க முஸல்லா இல்லையே என்று எண்ணி எண்ணி நேரம் போய்விட்டதாம். சனி இரவு மட்டும் கூடாரத்தில் மற்றவர்கள் உறங்கிய பின், போர்வைக்குள் படுத்தபடி சைகையால் இஷா தொழுதிருக்கிறான். “அது கூடுமா கூடாதா என்று அன்றிலிருந்து தெரியவில்லை. உங்களிடம் கேட்டால் மற்றதெல்லாம் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை” என்றான்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் ஓராண்டுக் காலம் ஒரு கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, நாள்தோறும் நம் எதிரே அமர்ந்து பாடம் கேட்டிருக்கிறான். ஆசிரியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய தோல்வி உண்டா? “முகத்தில் விழிக்காதே” என்று நாம் சொன்னோம். அவன் பொய்யோடு நம் முகத்தில் விழித்தான். அந்தப் பொய்க்கு நாம் பரிசும் கொடுத்தோம்.

இன்னொன்றும் உறைத்தது. பயணியின் தொழுகை என்னும் பாடம் நம் ஃபிக்ஹு நூலில் உண்டு. ஆண்டுக் கடைசியில் தேர்வு நெருங்கும்போது வரும். ஒவ்வோர் ஆண்டும் அதை அரைமணி நேரத்தில் ஓட்டிவிடுவோம். நான்கு ரக்அத் தொழுகைகளைப் பயணத்தில் இரண்டாகச் சுருக்கலாம் என்று சூரா அந்நிஸாவின் 101ஆம் வசனத்தின் அடிப்படையில் கிடைத்த சலுகையை அவன் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். ஆனால் அது தனக்கு, ஏற்காட்டு மலைப்பாதையில், நண்பகல் உணவு இடைவேளையில் உரியது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பாடம் நூலிலேயே தங்கிவிட்டது.

முதலில் பழைய கடனைத் தீர்த்தோம். நாளுக்கு இரண்டு வேளையாக ஐந்து மாலைகளில் பத்துத் தொழுகைகளையும் களாவாக நிறைவேற்றினான். நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி, பயணத்தில் தவறியதை ஊரில் நிறைவேற்றும்போது சுருக்காமல் முழுமையாகவே தொழ வேண்டும், அவ்வாறே தொழுதான். போர்வைக்குள் தொழுததும் அதில் அடங்கும். நிற்க இயன்றவன் படுத்துத் தொழுதால் கடமை நீங்காது. ஆனால் அந்த இருட்டில் அவன் இறைவனை நினைத்தது வீணாகாது என்றும் சொன்னோம். ஐந்து மாலைகளும் அவன் பின்னால் நாம் அமர்ந்திருந்தோம்.

பின்னர் ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். சுமார் 82 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தால் சுருக்கலாம் என்பது நம் உலமாக்கள் பலர் சொல்லும் அளவு. கொடைக்கானல் அதைவிட மிகத் தொலைவு. போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணம் இல்லாததால் அவன் பயணியாகவே இருப்பான். லுஹரையும் அஸரையும் சேர்த்து ஒருமுறை, மஃரிபையும் இஷாவையும் சேர்த்து ஒருமுறை, சுப்ஹு தனியே. நாளொன்றுக்கு மூன்று நிறுத்தங்கள். ஊரில் 17 ரக்அத் பர்ளு; பயணத்தில் 11. பகலில் பத்து நிமிடம் கிடைத்தால் போதும். (ஹனஃபி மத்ஹபில் சுருக்குவது உண்டு; இவ்வாறு சேர்த்துத் தொழுவது இல்லை. அம்மத்ஹபைப் பின்பற்றுவோர் தம் இமாமிடம் கேட்டுக்கொள்க.)

தாளைப் பார்த்தவன், “இவ்வளவுதானா ஹஜரத்?” என்றான். அந்தக் கேள்வி நம்மைச் சுட்டது.

பள்ளிக்கூடத்துக்கு நாமே தொலைபேசியில் பேசுகிறோம் என்றோம். “வேண்டாம், நானே கேட்கிறேன்” என்றான். கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் அல்லவா? நாம் உடற்கல்வி ஆசிரியராக நின்றோம். அவன் வந்து, “சார், சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் தொழ வேண்டும், நீங்கள் பார்க்கும் தூரத்திலேயே இருப்பேன்” என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறை பாதியிலேயே சிரித்துவிட்டான். மூன்றாம் முறை சரியாகச் சொன்னான்.

அவன் உம்மாவிடமும் சில கேள்விகளைக் கொடுத்து அனுப்பினோம். குரங்கணிக்குப் பின் அரசு மலையேற்றத்துக்கென 2018இலேயே விதிமுறைகள் வகுத்தது. ஆகவே நடக்கப்போகும் பாதைக்கு வனத்துறை அனுமதி உண்டா, வழிகாட்டி யார், முதலுதவி தெரிந்தவர் உடன் வருகிறாரா, உணவு என்ன, உறங்கும் இடம் எது என்று அவர் பள்ளியில் நேரில் கேட்டார். எல்லாவற்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த பின்பே கையெழுத்திட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவனிடம் பொறுப்புச் சாட்டும்படி நபிகளார் (ஸல்) கற்பித்ததன் பொருள் இதுதான்.

ஜனவரியில் புறப்பட்டான். மூன்று நாள் கழித்து வந்து அமர்ந்து சொன்னவற்றை ஓரளவு இங்கே தருகிறோம்.

வத்தலகுண்டிலிருந்து மலையேறும்போதே காது அடைத்ததாம். இரவில் கூடாரத்துணி பனியில் நனைந்து கனத்ததாம். முதல் நாள் பயிற்சியாளர் திசைகாட்டி பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். வட திசையைப் பூச்சியமாக வைத்து 360 பாகைகளையும் எண்ணும் முறை. இவன் எழுந்து, மக்காவின் திசை இங்கிருந்து எத்தனை பாகை என்று கேட்டான். பயிற்சியாளர் அதையே பயிற்சியாக்கி வரைபடத்தில் பார்க்கச் சொன்னார். சுமார் 292 என்று வந்தது. அதாவது நேர் மேற்கு அன்று, அதிலிருந்து வடக்கே 22 பாகை தள்ளி. வெட்கப்பட்டு மறைத்ததை வகுப்பே சேர்ந்து கணக்கிட்டது என்று அவன் சொன்னபோது நம் கண் கலங்கியது.

இரண்டாம் நாள் புல்வெளியும் சோலைக்காடுமான பாதையில் நடை. உணவு இடைவேளையில் மூடுபனி இறங்கியது, சூரியனைக் காணவில்லை. பயிற்சி செய்த வாக்கியம் தொண்டையில் நின்றுவிட்டதாம். சோற்றுப் பொட்டலத்தைப் பாதி உண்ட பின்பே எழுந்து போய்க் கேட்டிருக்கிறான். ஆசிரியர், “தனியாகப் போகாதே, ஒருவனை அழைத்துக்கொண்டு போ” என்றார்; வேறொன்றும் சொல்லவில்லை. உடன் வந்த இந்து நண்பன் காற்றில் பறந்த துண்டின் நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, திசைகாட்டியைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்” என்று திருத்தினானாம்.

அன்று மாலை பாறையிலிருந்து கயிற்றில் இறங்கும் பயிற்சி. தலைக்கவசமும் இடுப்புப் பட்டையும் அணிந்து விளிம்புவரை போனவன் கீழே பார்த்ததும் திரும்பிவிட்டான். யாரும் கேலி செய்யவில்லை. வரிசையின் கடைசியில் மறுபடி நின்று இறங்கினான். “பயமில்லை என்று உங்களிடம் சொன்னேனே ஹஜரத், அதுவும் பொய்தான்” என்று சிரித்தான்.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினான். மூன்று நாள்களுக்கான கட்டங்கள். எல்லாவற்றிலும் குறி, ஒன்றைத் தவிர. மூன்றாம் நாள் சுப்ஹுக் கட்டத்தில் குறி இல்லை. அதன் அருகே சிறிய எழுத்தில், “தூங்கிவிட்டேன். வெயில் வந்த பிறகு எழுந்து களா தொழுதேன்” என்று எழுதியிருந்தான்.

அந்தத் தாள் இன்று நம் குர்ஆன் அலமாரியில் இருக்கிறது. சென்ற ஆண்டின் பத்துக் குறிகளைவிட அந்த ஒற்றை வெற்றுக் கட்டம் நமக்கு மதிப்புடையது. அவன் தவறவிட்டதை மறைக்க வேண்டியிராத ஆசிரியராக இம்முறை நாம் இருந்தோம் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று அது ஒன்றே.

இவ்வாண்டு முதல் தொழுகை அட்டையை நிறுத்திவிட்டோம். பயணியின் தொழுகைப் பாடத்தை முதல் மாதத்துக்கு மாற்றிவிட்டோம். மதரஸா முற்றத்தில் துண்டை விரித்து, கல் வைத்து, கேட்கும் வாக்கியத்தையும் சேர்த்தே பிள்ளைகள் பயில்கின்றனர்.

பெற்றோரே, கேட்க வேண்டியவற்றைப் பள்ளியில் கேளுங்கள்; பதில் நிறைவாக இருந்தால் பிள்ளைகளை அனுப்புங்கள். தொழு என்று மட்டும் சொல்லி அனுப்பாமல், எங்கே, எப்போது, எப்படி என்று உடன் அமர்ந்து எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் எத்தனை வேளை தொழுதாய் என்று முதலில் கேட்காதீர்கள். எப்படி இருந்தது என்று கேளுங்கள். மற்றதைப் பிள்ளை தானே சொல்லும்.

நம் பிள்ளைகளின் பயணங்களை அல்லாஹ் எளிதாக்குவானாக. அவர்கள் உண்மை பேச அஞ்சாத ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.