பழைய கிரைண்டரும் புது பெயின்டும்

நோணாங்குப்பம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சுண்ணாம்பாறு படகு குழாம்தான் ஞாபகம் வரும். ஆனால் கேட், கிரில் வேலைக்குப் போகிற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அங்கேயும்தான். அவர்களில் ஒருவர், சம்பளத்துக்கு உழைத்தது போதும், சொந்தமாகத் தொழில் தொடங்கலாம் என்று கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். புது கிரைண்டர் 3,000 ரூபாய், பழையது 1,500. எதை வாங்குவார்? பழையதைத்தான்!

வாங்கட்டும், தப்பில்லை. ஆனால் ஆர்மேச்சர் போய் அதற்கு 800 ரூபாய் செலவாகி, இரண்டு நாள் கூலியும் போனால் அந்த லாபம் எங்கே?

ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. அவர் எடுத்துக்கொண்டது பழைய கார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குத் தரமாட்டார், சந்தையில் மோசமானவையே மிஞ்சும். இதற்காக 2001ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது (இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார்).

சரி, அந்தப் பையன் என்ன செய்யலாம்?

முதலில் வார்த்தையைக் கவனிக்க வேண்டும். ரீகண்டிஷன் என்றால் கார்பன் பிரஷ், பேரிங், கிரீஸ் மாற்றியிருக்க வேண்டும். பெயின்ட் மட்டும் அடித்தால் அது பழைய மிஷின்தான். "எதை மாத்துனீங்கண்ணே?" என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து, ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். பிரஷ் பக்கம் சின்னப் பொறி வருவது சகஜம். நெருப்பு வளையம் போலச் சுற்றினாலோ கருகல் வாடை வந்தாலோ வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தால் பேரிங் லட்சணம் தெரியும். வெளிநாட்டு மிஷினில் 110 வோல்ட் என்று போட்டிருந்தால், நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் எரிந்துவிடும். கார்டு இல்லாத கிரைண்டர் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். டிஸ்க் உடைந்து பறந்தால் முகத்துக்கும் கைக்கும் அதுதான் தடுப்பு.

கடைசியாக, பில். 1930ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16 நம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான். சோதித்து வாங்கினால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவரைக் கேட்க முடியாது. அதனால் அரைகுறையாகப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பார்கள். ஆனால் 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கியவரும் நுகர்வோர்தான். பில்லும், எழுதிக் கொடுத்த மூன்று மாத வாரண்டியும் கையில் இருந்தால் அவரால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும்.

இவ்வளவையும் தருகிற கடையில் 300 ரூபாய் கூடச் சொன்னால், பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். அந்தக் கிரைண்டரைத் தினமும் கையில் பிடிக்கப் போகிறவர் அவர்தானே!