இரவல் விஷத்தில் வாழும் நீல டிராகன்!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குச் சில வீடியோக்கள் தூரத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் வந்து நிற்கும். ‘நீல டிராகன்’ வீடியோவும் அப்படித்தான். யாரோ ஒருவர் உள்ளங்கையில் கடல் நீரோடு ஒரு குட்டி உயிரை ஏந்தியிருப்பார். பளீர் நீலம், நடுநடுவே வெள்ளிக் கோடுகள், இரண்டு பக்கமும் விசிறியாக விரிந்த விரல்கள். கீழே வரும் கமென்ட்களில் பாதி ‘சோ க்யூட்’. மீதி ‘தொட்டால் மரணம்’.

இரண்டுமே முழு உண்மை இல்லை.

இதன் அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். பெயரில்தான் டிராகன், நிஜத்தில் ஓடு இல்லாத ஒரு கடல் நத்தை. நீளம் மூன்று சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். வயிற்றில் கொஞ்சம் காற்றை விழுங்கி வைத்துக்கொண்டு, கடல் பரப்பில் மல்லாந்து மிதக்கும். நீல வயிறு மேலே இருப்பதால், பறந்து வரும் பறவைக்கு அது தண்ணீரோடு தண்ணீர். வெள்ளி நிற முதுகு கீழே இருப்பதால், அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு அது வெளிச்சத்தோடு வெளிச்சம்.

2023-ல் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் இது ஒதுங்கியதாகச் செய்தி வந்தது. அன்றே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நான்கு ஃபார்வர்டுகள். “இனிமே பாப்பாவ பீச் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க” என்று அம்மா தீர்ப்பே எழுதிவிட்டார். அக்கா எனக்கு போன் செய்தாள். “நீதான் பத்திரிகையில இருக்கியே... பயப்படணுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லு.”

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அன்று மாலை அக்கா வீட்டுக்கே போய், படத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். “இதுக்குன்னு சொந்தமா விஷம் கிடையாது. கொட்டுற ஜெல்லி மீன் சொந்தங்களைச் சாப்பிட்டு, அந்த முள்ளையெல்லாம் எடுத்துத் தனக்கு வெச்சுக்கும்” என்றேன். மடியில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் கேட்டாள்: “அப்போ சாப்பிடும்போது அதுக்கு வலிக்காதா சித்தி?”

ஐந்து வயதுக் குழந்தையின் கேள்வி. விலங்கியலாளர்களையும் பல காலம் யோசிக்கவைத்த கேள்வி.

ஜெல்லி மீனை நம் மீனவர்கள் ‘சொறி’ என்பார்கள். தொட்டால் என்ன ஆகும் என்பது பெயரிலேயே இருக்கிறது. அதற்குத் தூரத்து உறவுதான் ‘போர்ச்சுகீஸ் மேன் ஓ வார்’. பார்க்க ஊதிய நீல பலூன். ஆனால் அது ஒற்றை உயிர் அல்ல. வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி வாழும் பல சிற்றுயிர்களின் கூட்டுக் குடும்பம். அதன் இழைகள் சில சமயம் 30 மீட்டர் வரைகூட நீளும். இழை முழுக்க நுண்ணிய பைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த விஷ ஊசி. ஏதாவது பட்டால் போதும், பாய்ந்துவிடும்.

இதுதான் நம் நத்தையின் பிடித்தமான சாப்பாடு. இந்த வகை நத்தைகளின் உடலில் ஊறும் வழவழப்பான திரவம் ஊசிகள் பாய்வதைக் குறைக்கிறது. குடலுக்குள் கைட்டின் என்ற உறுதியான பொருள் கவசமாக இருக்கிறது. இரை செரிக்கும்போது, பாயாத ஊசிப் பைகள் மட்டும் செரிக்காமல், விரல் நுனிகளில் உள்ள சிறு அறைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. எதிரி வாய் வைத்தால், அங்கிருந்து பாயும். இந்த நத்தைகளின் கொட்டும் பைகள் சொந்தச் சரக்கல்ல, இரையிடமிருந்து வந்தவை என்பதை 1903-ல் குரோவ்னர் என்ற ஆய்வாளர் விரிவாக நிறுவினார்.

ஓடு இல்லை, வேகமும் இல்லை. சாப்பாட்டிலிருந்து சேமித்து வைத்ததுதான் இதன் மொத்தப் பாதுகாப்பு. மனிதர்களைத் தேடி வந்து கொட்டும் எண்ணமெல்லாம் அதற்கு இல்லை. காற்றும் அலையும் தள்ளினால் கரைக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இதைத் தள்ளி வரும் அதே காற்று, இதன் சாப்பாட்டையும் தள்ளி வரும். ஒரு நீல டிராகன் கண்ணில் பட்டால், பக்கத்திலேயே நீல பலூன்களும் கிடக்கலாம். 2025 ஆகஸ்ட்டில் ஸ்பெயினின் கார்டமார் டெல் செகுரா கடற்கரையில் இரண்டே இரண்டு கிடைத்ததற்கே, செங்கொடி ஏற்றிக் குளிக்கத் தடை போட்டார்கள்.

அதனால் அக்காவிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள். ஊசி பாய, உயிர் இருக்க வேண்டியதில்லை. நீல பலூன் கொட்டிவிட்டால், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் இழைகளை வெறும் கையால் பிடிக்காமல் நீக்கிவிட்டு, கடல் நீரால் அலசுங்கள். பிறகு பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் 20 நிமிடம் வைத்திருந்தால் வலி குறையும். குழந்தைக்கு என்றால் சூட்டைப் பெரியவர்கள் முதலில் தங்கள் கையில் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால், உடனே ஆஸ்பத்திரிதான்.

எங்கள் வேலையில் ஒரு தலைப்புக்கு ஏழெட்டுச் சொற்கள்தான் கிடைக்கும். ‘கொலைகார டிராகன்’ என்று எழுதினால், என் அக்கா மகள் மாதிரிக் குழந்தைகளுக்குக் கடற்கரையே இல்லாமல் போகும். ‘கொள்ளை அழகு டிராகன்’ என்று எழுதினால், எங்கோ ஒரு பிஞ்சுக் கை அதை எடுக்க நீளும். இப்போதெல்லாம் அந்த வீடியோ வரும்போது, முதல் வரியிலேயே ‘பாருங்கள், தொடாதீர்கள்’ என்று எழுதிவிட்டுத்தான் மற்ற கதைக்குப் போகிறேன்.

அக்கா மகள் இன்னும் பீச்சுக்குப் போகிறாள். கரையில் நீலமாக எது கிடந்தாலும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்க்கிறாள். அம்மாவும் இப்போது அவளோடு போகிறார்!