பெரட்டுக்கு யாரும் போகாத நாள்

“போராட்டமா? எங்க தோட்டத்துல அப்படி ஒண்ணும் நடக்கலையே” என்றார் பாட்டி.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்த மூன்று ஆறாம் படிவ மாணவர்களுக்கு முகம் தொங்கிவிட்டது. வரலாற்றுப் பாட இடுபணிக்கு இருபத்திரண்டு கேள்விகள் கைவசம் இருந்தன. முதல் கேள்வியிலேயே கதவு சாத்தப்பட்டது.

சொல்தான் கோளாறு. போராட்டம் என்பது மேடைக்கும் பாடநூலுக்கும் உரிய சொல். தேநீர் வந்த பிறகு மூவரில் ஒருத்தி, “பெரட்டுக்குப் போகாம இருந்த நாள் உண்டா பாட்டி?” என்று கேட்டாள். அவள் தாத்தா பால்மரம் வெட்டியவர். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் கூட்டத்துக்கு வீட்டில் புழங்கிய வார்த்தை அது. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஓ, ஸ்டிரைக்கா!”

அப்போது அவர் சிறுமி. சங்கக் கோரிக்கை எதுவும் நினைவில் இல்லை. விடிந்த பிறகும் அம்மா லயத்து வீட்டிலேயே இருந்தது நினைவிருக்கிறது. வெளிச்சத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டாராம். அம்மாவின் கையில் அன்று ஒட்டுப்பால் வாடை இல்லையாம்.

எந்த வருஷம்? “தங்கச்சி பொறந்து மூணாம் மாசம்.” தங்கச்சியின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். முதல் ஆறு எண்கள் பிறந்த தேதி. அது 48 என்று தொடங்கியது. (தோட்டத்தில் பிறந்த அந்தத் தலைமுறைக்கு அட்டைத் தேதியை அப்படியே நம்ப முடியாது. குறிப்பேட்டில் ‘சுமார்’ என்று சேர்த்தது நல்ல புத்தி.)

1948 என்றதும் பையன்களுக்குப் பரபரப்பு. ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்துத் துரை வாக்கரும், வேறொரு தோட்டத்துத் துரைமார் அலிசனும் கிறிஸ்டியனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் வந்தது. சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் வைத்திருக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஏடுகளை இரண்டு இரவு புரட்டினார்கள். துரைமார்களுக்குப் பெயர் இருந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கை.

முதல் வரைவில் கொஞ்சம் ஆசைப்பட்டும் விட்டார்கள். பேராக் தோட்டங்களில் சங்கம் கட்டிய ஆர்.ஜி. பாலன் அழைத்ததால்தான் பாட்டியின் அம்மா வேலைக்குப் போகவில்லை என்று ஒரு வரி. அழகான வரி, ஆதாரம் ஏது? அடித்தார்கள். தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட செய்தி மட்டும் தனிப் பத்தியாக நின்றது.

அதற்குப் பிந்திய காலத்தைக் கேட்டதும் பாட்டி குரலைத் தாழ்த்தினார். “அந்தப் போனை அமத்து.” பிறகுதான் கம்பி வேலியையும், காட்டிலிருந்தவர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று வாசலில் பையைக் கொட்டிப் பார்த்ததையும் சொன்னார். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. பாட்டிக்கு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. பதிவாகாத அந்தக் கால் மணி நேரத்தைப் பேருந்தில் மூவரும் தனித்தனியே எழுதினார்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. பொதுவாக இருந்ததை மட்டும் கட்டுரையில் வைத்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை. மறுமாதம் எழுதியதை எடுத்துப்போய்ப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினார்கள். ‘வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர்’ என்ற இடத்தில் சிரித்தார். “ஈடுபடலாம் இல்ல கண்ணு, வூட்டுல இருந்தோம்.”

முடிந்ததும் கேட்டார்: “எங்கம்மா பேரு எங்க?”

இருபத்திரண்டு கேள்விகளில் அது இல்லை.