லிவர் கடி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போனால், கோமுகி அணையைத் தாண்டியதும் மலை ஏறத் தொடங்கிவிடும். கல்வராயன் மலைச் சிற்றூர்கள் பலவற்றுக்குக் கல்லும் மண்ணுமான தடம்தான் பாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துப் பையன்கள் எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டிகளில் வந்து சாகசம் பண்ணிவிட்டுப் போகிறார்கள். அதே தடத்தில் கடுக்காய் மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு வாரம் முழுக்க ஓடுவது எக்ஸ்எல்லும் ஸ்பிளெண்டரும். எது டர்ட் பைக் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடிவாரத்துப் பஞ்சர் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதிலிருந்து, மனு கொடுக்க மலையிலிருந்து இறங்கும் வண்டிகளும் கடைக்காரருக்கு வாடிக்கை. வந்திருந்த ட்யூபை ஊதித் தொட்டியில் முக்கினார். குமிழி வந்தது உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம். சக்கரத்தை எடுத்து ரிம் டேப்பின் மேல் விரலை ஓட்டினார். போக்ஸ் கம்பி எதுவும் முனை நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

“முள்ளு, ஆணியெல்லாம் வெளிப்பக்கந்தான் சார் குத்தும். இது லிவர் கடி. போன தடவ டயர் மாட்டினவன் பண்ண வேலை.”

டயரை நெம்பிக் கழற்ற, மாட்ட அவரிடம் இருப்பது இரண்டே லிவர். லாரியின் பழைய வில்பட்டையைக் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்துச் செய்தவை. முனை கரண்டி போல லேசாகக் குழிந்து, ஓரமெல்லாம் மழுங்கியிருக்கிறது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், எங்கும் உறுத்தவில்லை. பிசிறு தெரிந்தால் உடனே அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்ப்பாராம். அலுமினிய ரிம் வந்தால் ஆயில் கேனிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டை லிவருக்கு அடியில் கொடுக்கிறார். இதையே ரிம் காப்பான் என்று கடைகளில் காசுக்கு விற்கிறார்கள்.

ஆனால் வேலையில் பாதி லிவருக்கு இல்லை, முழங்காலுக்கு. டயரின் ஓரத்துக்குள் கம்பி வளையம் இருக்கிறது, அது நீளாது. ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடுகிறது. எதிர்ப்பக்கத்து ஓரத்தை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கினால் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். அதை விட்டுவிட்டு நெம்பினால் ரிம் வளையும், இல்லை ட்யூப் கடிபடும்.

மாட்டும்போது பார்க்க வேண்டும். ட்யூபில் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. ஓரங்களில் சோப்புத் தண்ணீர். கழிவு ஆயில் ரப்பரை ஊற வைக்கும் என்று தொடுவதில்லை. மவுத்துக்கு, அதாவது காற்றடிக்கும் வால்வுக்கு, எதிர்ப்புறம் தொடங்கி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, மவுத்தில் வந்து முடிக்கிறார். மவுத் இருக்கும் இடத்தில் டயர் ஓரம் பள்ளத்தில் இறங்காது, அதனால்தான் அது கடைசி. முடிக்கும் முன் மவுத்தை உள்ளே ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கிறார். அடியில் ட்யூப் சிக்கியிருந்தால் அது திரும்பி வராது.

காற்றைக் குறைத்தால் கல்லில் பிடிமானம் கூடும் என்று மலையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் பிரேக் பிடிக்கையில் டயர் ரிம்மின் மேல் நழுவி, ட்யூபையும் இழுத்து, மவுத்தை அடியோடு பிய்த்துவிடும். பந்தய வண்டிகளில் இதைத் தடுக்க டயரை ரிம்மோடு இறுக்கும் ரிம் லாக் உண்டு. எக்ஸ்எல்லுக்கு ஏது அதெல்லாம்? மவுத் சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி டயரை நகர்த்தி நேராக்குகிறார். பலர் அதற்குக் காசு கொடுப்பதில்லை.

“கூட கேக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“கேட்டா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க சார். அவன் ஸ்குரூ டிரைவர வச்சு நெம்புவான். நாலு நாள் கழிச்சு அதே ட்யூப் என்கிட்டதான் வரும். அப்ப ரெண்டு ஒட்டுக்குக் காசு வாங்கிப்பேன்.”