தெஹிவளையில் ஒரு இலட்சம் ரூபா தியேட்டர்

எங்களிடம் இருந்தது ஒரு இலட்சம் ரூபா. நாலு பேர், ஆளுக்கு 25,000. தெஹிவளையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற ஒரு ஒழுங்கையில் எங்களில் இரண்டு பேர் வாடகைக்கு இருக்கிற அனெக்ஸ். அதன் முன்னறை 12 அடி நீளம், 10 அடி அகலம். அதுக்குள்ள ஒரு சின்ன தியேட்டர் செய்ய வேணும். இணையத்தில் கிடைத்த பட்டியல்கள் எல்லாம் ஒரே மாதிரி: 4கே புரொஜெக்டர், 5.1 ஸ்பீக்கர், சுவர் முழுக்க ஒலி உறிஞ்சும் பஞ்சு, விலையெல்லாம் டொலரில். "நீங்கள் என்ன படம் பார்க்கப் போறீங்கள்?" என்று ஒரு பட்டியலும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது எங்கட கூட்டத்தில் இருக்கிற மட்டக்களப்புத் தோழி. "சாமானை விடுங்க, முதல்ல படத்த எழுதுவம்" என்றாள். எழுதினோம். புதுத் தமிழ்ப் படத்துக்கு வெள்ளவத்தை சவோய் இருக்கிறது. விசிலும் கூச்சலும் சேர்ந்த அந்த அனுபவத்தை 12 அடி அறையில் செய்யவும் முடியாது. ஆகவே அவை பட்டியலில் இல்லை. மிஞ்சியவை தியேட்டருக்கு இனி வராத படங்கள். 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978). லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' (1972). சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமாய்' (1978). அதோடு கொஞ்சம் மலையாளம், கொஞ்சம் ஈரான்.

பட்டியலைப் பார்த்ததும் பட்ஜெட் பாதி முடிவாகிவிட்டது. 'கெஹெனு லமாய்' மீட்டெடுக்கப்பட்டு 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்ட படம். அப்படியான பிரதி ஒருநாள் எங்கட கைக்கும் வரலாம். ஆனால் எங்கட தமிழ்ப் படங்களின் கதை வேற. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள். அது கே. குணரத்தினத்தினுடையது. படச்சுருள் எரிந்தால் அதோடு சரி. ஒரு புத்தகத்துக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு பிரதி இருக்கும். ஒரு நெகட்டிவுக்கு இருக்காது. மிஞ்சிய இலங்கைத் தமிழ்ப் படங்களில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் யாரோ ஒருவர் வீடியோ கசெட்டில் வைத்திருந்து, பிறகு யாரோ ஒருவர் கணினிக்கு மாற்றியவை. மங்கல், கோடு, இரைச்சல். படத்தில் 576 வரிகூட ஒழுங்காக இல்லாதபோது 4கே புரொஜெக்டர் என்னத்தைக் காட்டும்? மங்கலைத்தான் பெரிதாகக் காட்டும்.

எனவே எங்களுக்குத் தேவைப்பட்டது மூன்று விஷயம். மோசமான பிரதியை முடிந்தளவு நல்லாகக் காட்டுகிற ஒரு கணினி. வசனம் தெளிவாகக் கேட்கிற இரண்டு ஸ்பீக்கர். தமிழ் எழுத்தை உடைக்காமல் போடுகிற ஒரு சப்டைட்டில் வழி. மூன்றாவதை ஒரு பட்டியலிலும் காணவில்லை. ஆனால் எங்களுக்கு அதுதான் முக்கியம். நாலு பேரில் ஒருத்தன் காலியைச் சேர்ந்த சிங்கள நண்பன். அவனுக்குத் தமிழ் விளங்காது. எங்களில் இரண்டு பேருக்குச் சிங்களம் பஸ்ஸில் 'பஹினவா' சொல்லி இறங்குகிற அளவுக்குத்தான்.

புரொஜெக்டரில் தொடங்குகிறோம், ஏனென்றால் ஏமாற்று கூடிய இடம் அதுதான். "9000 லூமென்ஸ், 4கே சப்போர்ட்" என்று பெட்டியில் போட்ட புதுச் சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். 'சப்போர்ட்' என்பதன் அர்த்தம், 4கே சிக்னலைக் கொடுத்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும்தான். சுவரில் விழுவது அதன் சொந்தத் தெளிவு. சிலதில் 720 வரி, சிலதில் 480. லூமென்ஸ் கணக்கும் அப்படித்தான். 'ஆன்சி லூமென்ஸ்' என்று எழுதியிருந்தால் மட்டும் மற்றதோடு ஒப்பிடலாம்.

நாங்கள் எடுத்தது ஏதோ ஒரு ஒஃபிஸின் கூட்ட அறையில் இருந்து வந்த பழைய எல்சிடி புரொஜெக்டர்: 1280க்கு 800, 3000 ஆன்சி லூமென்ஸ், 38,000 ரூபா. பழையது வாங்கப் போகிறவர்கள் ஒரு யூஎஸ்பியில் இரண்டு படம் கொண்டுபோங்கோ, முழு வெள்ளை ஒன்று, முழு நீலம் ஒன்று. எல்சிடியில் உள்ளே பில்டர் கருகியிருந்தால் வெள்ளையில் மஞ்சள் திட்டுத் தெரியும். டிஎல்பி என்றால் செத்த கண்ணாடிகள் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். லாம்ப் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று மெனுவில் பார்க்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் பூச்சியமாக்குவது இரண்டு பட்டன் வேலை. முதலில் போன இடத்தில் "40 மணித்தியாலம்தான் தம்பி ஓடினது" என்றார்கள். காற்றுப் பில்டரைத் திறந்து பார்த்தோம், தும்புத்தடி மாதிரித் தூசு. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

எவ்வளவு பெரிய படம் வரும் என்பது கடையில் இல்லை, அறையில் இருக்கிறது. எங்கட புரொஜெக்டரின் எறிவிகிதம் 1.5. அதாவது 2 மீட்டர் அகலப் படத்துக்கு அது 3 மீட்டர் தள்ளி இருக்க வேணும். 12 அடி என்பது 3.6 மீட்டர், பின்சுவரில் ஒரு தட்டு அடித்து அதில் வைத்தால் சரியாகப் பொருந்துகிறது. திரைக்குக் காசு செலவழிக்கவில்லை. வெள்ளை பிளெக்அவுட் துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்தோம், யன்னலுக்கு அதிலேயே கறுப்பு. இரண்டுக்கும் சேர்த்து 3,200. வெளிச்சத்தை அடைக்காமல் கூடிய லூமென்ஸுக்குக் காசு கொட்டுவது ஓட்டைப் பானைக்குத் தண்ணி வார்க்கிறதுதான்.

கணினிக்கு வருவோம். யுனிட்டி பிளாசாவில் இரண்டு சனிக்கிழமை சுற்றினோம். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏறாது. அதனால் ஒஃபிஸ்கள் கழித்துவிட்ட 6ஆம், 7ஆம் தலைமுறைச் சின்னக் கணினிகள் கடைகளில் அடுக்காக நிற்கின்றன. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 7ஆம் தலைமுறையை எடுங்கோ. இப்போது வருகிற பல கோப்புகள் 10 பிட் எச்ஈவிசி. அதைச் சிப்பே விரித்துக் காட்டுகிற வசதி ஒழுங்காக வந்தது 7இல் தான். 6இல் அந்தப் பாரம் புரொசெசரில் விழும், ஃபான் அலறும், சோகக் காட்சியில் பக்கத்தில் விமானம் புறப்படும். ஐ5, 8 ஜிபி ரெம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 34,000. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டோம். அதுக்குக் காசு இல்லை.

"ஸ்மார்ட் ரீவியிலேயே பென் டிரைவைச் செருகிப் பார்க்கலாமே" என்று எல்லாரும் கேட்கிறார்கள். பார்க்கலாம், தமிழ் சப்டைட்டில் வேண்டாம் என்றால். பல ரீவிகளில் தமிழ் பெட்டி பெட்டியாக வரும். எழுத்து வந்தாலும் கொம்பு இடம் மாறும். 'கொ' என்பது மூன்று துண்டாகிக் கிடக்கும். கணினியில் எம்பிவி என்ற இலவச பிளேயர் தமிழையும் சிங்களத்தையும் ஒழுங்காகக் கோர்த்துப் போடுகிறது. இன்னொன்றும் செய்கிறது: ஒரே நேரத்தில் இரண்டு சப்டைட்டில் கோப்பு. கீழே தமிழ், மேலே சிங்களம். முதல் தடவை ஒரு ஈரான் படத்துக்கு இரண்டும் சேர்ந்து வந்தபோது நாலு பேரும் ஒரே இடத்தில் சிரித்தோம். 34,000 ரூபாவில் நாங்கள் வாங்கியது இதைத்தான்.

கசெட்டில் இருந்து வந்த பிரதிகளுக்கும் கணினி உதவுகிறது. பழைய வீடியோவில் படம் ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரிந்து கிடக்கும். அசைவில் சீப்புப் பல் மாதிரித் தெரிவது அதனால்தான். பிளேயரில் டீஇன்டர்லேஸ் போட்டால் அது போய்விடும். எங்கட நாட்டு வீடியோ பெரும்பாலும் செக்கனுக்கு 25 படம். புரொஜெக்டரை 60இல் விடாமல் 50 ஹேர்ட்ஸில் ஓடவிட்டால் கமெரா நகரும்போது வருகிற துடிப்பு குறையும். இரண்டும் செற்றிங்ஸ் மட்டும், ஒரு சதம் செலவில்லை.

ஒலிக்கு 15,500: பழைய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டு, சின்ன டிஜிட்டல் அம்ப் ஒன்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அதே காசுக்குப் புது 5.1 செற் கிடைக்கும். ஆனால் எங்கட பட்டியலில் பாதி மொனோ. ஆறு ஸ்பீக்கருக்கு அதில் வேலை இல்லை. சப்வூஃபர் வேண்டாம் என்றதுக்கு வீட்டுக்கார ஆன்ட்டியும் ஒரு காரணம். தும் தும் என்ற சத்தம் சுவர் தாண்டிப் போகும். வசனம் அவ்வளவு போகாது. மற்றது கரையோர ரயில். ஒவ்வொரு ரயிலுக்கும் வசனம் அரை நிமிடம் காணாமல் போகும். அதுக்கு எந்த அம்பும் மருந்தில்லை, நிற்பாட்டிவிட்டுப் போட வேண்டியதுதான். இப்ப ரிமோட் வைத்திருப்பவர் ரயில் நேரசூசியையும் வைத்திருக்கிறார். உப்புக் காற்று வேறு விடாது. தெஹிவளையில் செருகிகளில் பச்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும், ஆகவே மலிவு வயர் வாங்காதேயுங்கோ. எங்களுக்கு வயர்களுக்கு 2,800 போனது.

கரண்ட் கணக்கை ஆன்ட்டிக்குத் தாளில் எழுதிக் காட்டினோம். புரொஜெக்டர், கணினி, அம்ப் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 340 வொட். இரண்டரை மணித்தியாலப் படத்துக்கு ஒரு யூனிட்டும் முழுசாக வராது. மாதம் நாலு படம், நாலு யூனிட்டுக்குள். "அப்ப கிழமைக்கு ஒண்டு. ஆனா பத்து மணிக்கு மேல சத்தம் கேக்கக் கூடாது" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

யாழ்ப்பாணத்தில் எங்கட அப்பா அம்மா தலைமுறைக்கு இந்தக் கணக்கெல்லாம் புதிதில்லை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஊரில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் மேசை போட்டு, விடியும்வரை படம் ஓட்டினார்கள். கரண்டே இல்லாத காலம். வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, எத்தனை படம் என்பதை மண்ணெண்ணெய்தான் முடிவுசெய்தது. மூன்றாவது படத்தின் கடைசிக் கட்டத்தில் ஜெனரேற்றர் இருமத் தொடங்கியதை எங்களில் ஒருத்தரின் அப்பா இன்றைக்கும் சொல்லுவார். முடிவு என்ன என்று அவருக்கு இப்பவும் தெரியாது. படத்தின் பெயர் தெரிந்தும் தேடிப் பார்க்கிறாரில்லை.

இப்ப எங்கட வேலை 'பொன்மணி'. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் எடுத்த தமிழ்ப் படம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்த ஒரு சிங்கள இயக்குநர், சாதி தாண்டிய காதல் என்ற கதையை எங்கட ஆட்களின் வீடுகளுக்குள்ள வைத்து எடுத்தார். எங்களிடம் இருக்கிற பிரதிக்குச் சப்டைட்டில் இல்லை. நாங்களே எழுதுகிறோம். தோழி வசனத்தைக் கேட்டுத் தமிழில் தட்டுவாள். வீட்டில் பாமினியில் பழகிய கை, ஆகவே முதலில் அதை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துக் கூழ்தான் வரும். பிறகு எல்லாரும் இருந்து காலி நண்பனுக்கு விளங்கப்படுத்துவோம். அவன் சிங்களத்தில் எழுதுவான்.

நினைத்ததை விட மெதுவாகப் போகிறது. ஒருவர் இன்னொருவரை 'நீர்' என்கிறாரா, 'நீ' என்கிறாரா, 'நீங்கள்' என்கிறாரா என்பதிலேயே யார் எந்த வீட்டுக்காரர் என்பது எங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதை இரண்டு வரிக்குள் சிங்களத்தில் எப்படிக் கொண்டுவருவது? அவன் கேட்டான், "இவர் ஏன் இப்ப கோபப்பட்டார்? அவன் மரியாதையாத்தானே கதைச்சான்?" பதில் சொல்ல வாயெடுத்தோம். சொல்வதென்றால் எங்கட ஊர்களைப் பற்றி, எங்கட வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசியில் சொன்னோம். அன்றைக்கு எழுதி முடித்தது ஆறு வரி.

மொத்தச் செலவு 93,500. மிச்சம் 6,500. அதை ஒரு பழைய யூபிஎஸ்ஸுக்கு ஒதுக்கியிருக்கிறோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதையும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்க இருண்டதுக்குப் பாணந்துறையில் ஒரு குரங்கைக் காரணம் சொன்னதையும் பார்த்தவர்கள் நாங்கள். புரொஜெக்டர் லாம்ப் சூடாக இருக்கும்போது ஃபான் சட்டென்று நின்றால் லாம்பின் ஆயுள் குறையும். அது குளிருகிற நேரத்துக்கு மட்டும் யூபிஎஸ் தாங்கினால் போதும். புது லாம்ப் விலை கேட்டோம். யூபிஎஸ் மலிவு.

'பொன்மணி' சப்டைட்டில் இப்போது 41ஆவது நிமிடத்தில் நிற்கிறது. அடுத்த சனிக்கிழமை பின்னேரம் திரும்பத் தொடங்குகிறோம். வசனம் கேட்டு எழுத இன்னும் இரண்டு காது இருந்தால் நல்லது; வருகிறவர்கள் ஒரு தலையணையும் கொண்டுவாங்கோ, கதிரை மூன்றுதான் இருக்கிறது.