வெளியே ஒரு பெஞ்சு

சென்ற மாதம் என் அக்காள் பிள்ளை ஒரு வேலைக்கான பேட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். ராத்திரி முழுவதும் பஸ்ஸில் குலுங்கிப் போய், முன்பின் தெரியாத ஊரில் விலாசம் விசாரித்து அலைய வேண்டிய கஷ்டமெல்லாம் அவனுக்கு இல்லை. மடிக்கணினியைத் திறந்து வைத்து அதன் முன் உட்கார்ந்தால் போதும். பெங்களூரில் இருக்கும் மூன்று பேர் திரையில் தோன்றிக் கேள்வி கேட்பார்கள். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவனைக் கவனித்தேன். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி.

"இதென்னடா வேஷம்?" என்றேன்.

"காமிராவுக்கு அவ்வளவுதான் மாமா தெரியும்" என்றான்.

நியாயம்தான். பேட்டி என்பதே அப்படித்தான். தெரிகிற பாதியைத் துடைத்து மெருகேற்றிக்கொண்டு போகிறோம். மற்றப் பாதி மேஜைக்கு அடியில் தங்கிவிடுகிறது.

"நீங்க ஏதாவது யோசனை சொல்லுங்களேன்" என்று கேட்டான். சொன்னேன். கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டுப் பதில் சொல். அந்தக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று முன்னதாகவே தெரிந்துகொள். தெரியாததைத் தெரியாது என்று சொல். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். இவையெல்லாம் 2003-ஆம் வருஷம் எனக்குப் பிறர் சொன்ன புத்திமதிகள். ஆனால் அந்த வருஷம் நானாகக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதை அவனிடம் சொல்லலாமா என்று கொஞ்ச நேரம் தயங்கினேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. கும்பகோணத்தில் இருந்தோம். அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் பி.ஏ. இரண்டாம் வருஷத்தோடு என் படிப்பு நின்றுபோயிற்று. சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பிரிவுக்குக் குமாஸ்தா வேண்டும் என்று விளம்பரம் வந்தது. மனுப் போட்டேன். நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது.

கடிதம் வந்ததும் எங்கள் தெருவே பேட்டிக்குத் தயாராயிற்று என்று சொல்ல வேண்டும். பெரியப்பா பிள்ளை தன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைக் கொடுத்தான். எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு தம்முடைய ஷூவைக் கொடுத்தார். அது என் காலுக்கு ஒரு சுற்றுப் பெரிது. முன்பக்கத்தில் பழைய பத்திரிகையைக் கசக்கித் திணித்துக்கொள்ளச் சொன்னார். இஸ்திரி வண்டிக்காரர், "இன்டர்வியூவா தம்பி? காசு வேலை கிடைச்சப்புறம் குடு" என்றார். பெரியப்பா என்னை நிற்க வைத்து, உட்கார வைத்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுப்பது எப்படி என்று காட்டினார். அம்மா நெற்றி நிறைய விபூதி இட்டு அனுப்பினாள்.

ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கினேன். அந்த நிலையம் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தரையெல்லாம் பளபளவென்று இருந்தது. கட்டணக் குளியலறையில் குளித்து உடை மாற்றிக்கொண்டு பாரிமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. பேட்டி பத்தரைக்கு. ஷூவுக்குள் பத்திரிகை சரசரக்க, ராஜாஜி சாலையில் துறைமுகத்துப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய ஞாபகம் வந்தது. கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்தவர். எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. வேலை தேடி அலைந்த நாட்களில், 1910-ஆம் வருஷம், நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்க்கப் போனார். அன்று தம்மெதிரில் வந்து நின்ற உருவத்தைப் பற்றி ராவ் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். குள்ளம், பருமன், முகச் சவரம் இல்லை, அவ்வளவாகச் சுத்தமும் இல்லை. கக்கத்தில் நைந்துபோன நோட்டுப் புத்தகம். கண்களில் மட்டும் ஒளி. எங்கள் தெருவாசிகள் பார்த்திருந்தால் முதலில் நாவிதரிடம் அனுப்பியிருப்பார்கள். ராவ் முகத்தை விட்டுவிட்டு நோட்டைப் பார்த்தார். உடனே எல்லாம் புரிந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப வரவழைத்துப் பேசிப் பார்த்த பிறகே நம்பிக்கை பிறந்தது. 1912 பிப்ரவரியில் ராமானுஜன் துறைமுகத்துக்குக் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டார். எப்.ஏ. வரை படித்ததையும், மேலே தொடர முடியாமல் போனதையும் அதில் ஒளிக்காமல் எழுதினார். மார்ச் முதல் தேதி மாதம் முப்பது ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார்.

படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்? ராமானுஜனுக்கும் எனக்கும் உள்ள மற்ற வித்தியாசங்களை அந்தக் காலைப் பொழுதில் நான் பொருட்படுத்தவில்லை.

கம்பெனி மாடியில் இருந்தது. அறைக்கு வெளியே நீளமாக ஒரு மரப் பெஞ்சு. ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். இருந்த இடம் ஒன்று. எனக்கு அடுத்தாற்போல் இருந்தவருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அரியலூர்ப் பக்கம் என்றார். காலில் ரப்பர் செருப்பு, மடியில் மஞ்சள் பை. சர்ட்டிபிகேட்டுகள் அதற்குள்தான் இருந்தன. பையின் காது ஒன்று அறுந்து, ஊக்குப் போட்டுச் சேர்த்திருந்தது.

நான் விபூதியைச் சரிசெய்வதற்காகக் கையைத் தூக்கினேன். கல்யாணச் சட்டையின் நடுப் பொத்தான் தெறித்துப் பெஞ்சுக்கு அடியில் உருண்டு போயிற்று. நல்ல வயிற்றுக்கு நேராகச் சட்டை வாயைப் பிளந்துவிட்டது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் பையிலிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். "உள்பக்கமாக் குத்திக்க தம்பி, வெளியே தெரியாது" என்றார்.

"உங்க பை, அண்ணே?"

"அதைக் கக்கத்துல வெச்சுக்கிட்டாப் போச்சு."

முதலில் உள்ளே போய் வந்த ஒருவரைச் சற்று நேரம் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். கசந்த சிரிப்புடன் சொன்னார்: "ஒரு கணக்குத் தாளைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்றாங்க. அடியில போட்டிருக்கிற கூட்டுத்தொகை தப்பு. தப்புன்னு சொன்னா முதலாளி, 'நான் முப்பது வருஷமாக் கூட்டறேன், என் கூட்டல் தப்பாகுமா?'ன்னு கோபமாக் கேட்கிறார். நான் பயந்து சரிதான்னு சொல்லிட்டேன். அப்பவே முகம் சுருங்கிப் போச்சு."

அது ஒரு சோதனை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கணக்குத் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. கண்ணால் கண்ட தப்பை முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் உண்டா என்று பார்க்கிறார்கள்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்தது அரியலூர்க்காரர், அவருக்குப் பிறகு நான். எங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. அவரைக் கூப்பிடுவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. "என்ன தம்பி, ஏதாச்சும் விஷயம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலைண்ணே" என்றேன்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என்னென்ன சமாதானங்கள் தோன்றின என்று இன்றும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அப்பாவின் மருந்துச் செலவு. இருப்பது ஒரே இடம். அவருக்கு அனுபவம் இருக்கும், தானாகவே சமாளித்துக்கொள்வார். எல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் சட்டையில் அவருடைய ஊக்கு இருந்தது. அதுவும் வாஸ்தவம்.

அவர் உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். அவர் அவசரமாக என் தோளைப் பிடித்துக் குனிந்து சொன்னார்:

"தம்பி, கூட்டல் தப்பு, நல்லாப் பாரு. அவரு கோபப்படுவாரு, விட்டுக் குடுத்துடாதே. பெரியவர் சொல்றாரேன்னு நான் ஒத்துக்கிட்டேன், அங்கேதான் கெட்டுப் போச்சு."

உள்ளே போனேன். நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்தேன். "பத்திரிகை படிக்கும் வழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். "தினமும் உண்டு" என்று நிமிர்ந்து சொன்னேன். அது அப்போதும் என் காலடியில்தான் கசங்கிக்கொண்டிருந்தது. பிறகு கணக்குத் தாள் வந்தது. அடியில் 8,462 என்று இருந்தது. கூட்டினால் 8,642 வந்தது. முதலாளி கோபப்பட்டார். நான் மரியாதையாக, "மன்னிக்கணும் ஐயா, இன்னொரு தடவை கூட்டிக் காட்டட்டுமா?" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பையனா!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

வெளியே வந்தபோது பெஞ்சில் அவர் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டதாகப் பியூன் சொன்னார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. நாலு வருஷம் அங்கே இருந்தேன். கணக்கில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்தால், வருகிற வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். 8,642-க்கும் 8,462-க்கும் வித்தியாசம் 180. ஒன்பதால் வகுத்தால் மீதியில்லாமல் இருபது. கணக்கில் தப்பைக் கண்டுபிடிக்க இப்படி ஒரு சூத்திரம் இருப்பது பெரிய சௌகரியம். முதலாளி கடைசி வரையில் என்னிடம் பிரியமாக இருந்தார். நேர்மையான பையன் என்று நாலு பேரிடம் சொல்வார். அப்போதெல்லாம் நான் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு மனிதனைத் தெரிந்துகொள்வது சாத்தியமா? உத்திரமேரூர்க் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபை வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறை அதில் பொறித்திருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் கூடாது. அவன் உறவினரும் கூடாது. இத்தனைக்கும் பிறகு பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முகத்தைப் பார்த்து முடிவு செய்வது என்பது அங்கே கிடையாது. நம் காலத்தில் மத்திய அரசாங்கமும் 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து கெஜட் அந்தஸ்து இல்லாத கீழ்நிலை உத்தியோகங்களுக்குப் பேட்டியையே எடுத்துவிட்டது. பேட்டி இருந்தால் சிபாரிசும் பணமும் நுழைய இடம் உண்டு என்பது காரணம். நுழைவதற்கு வேறு சங்கதிகளும் உண்டு என்பதற்கு நான் சாட்சி.

அந்த ஊக்கை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று, கதையாக இருந்தால் எழுதுவேன். உண்மையில் அது எப்போதோ தொலைந்து போயிற்று. கதை என்றதும் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பெஞ்சை வைத்து இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் அந்தப் பையன் பக்கத்தில் இருப்பவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறான். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள்.

இதையெல்லாம் அக்காள் பிள்ளையிடம் சொல்லி முடித்தேன். அவன் டையைத் தளர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"நீங்க சொல்லியிருந்தா அவருக்கே கிடைச்சிருக்குமா மாமா?"

"தெரியாது."

"உங்களுக்குக் கிடைக்காமப் போயிருந்தா?"

"அதுவும் தெரியாது. அப்பாவுக்கு மருந்து வாங்க வேறு வழி பார்த்திருப்பேன். கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்."

மறுநாள் அவனுக்குப் பேட்டி நடந்தது. முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வெளியே வந்தான். எப்படி இருந்தது என்று அக்காள் கேட்டதற்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, லுங்கியோடு திண்ணைக்குப் போய் யாருடனோ போனில் பேச ஆரம்பித்தான். அவனுடன் படித்த சிநேகிதன். அதே வேலைக்கு அவனுக்குச் சாயங்காலம் பேட்டி.

"முதல் கேள்வி இதுடா, எழுதிக்கோ..." என்று அவன் சொல்வது கூடம் வரையில் கேட்டது.

என் கதையினால்தான் என்று நான் நினைக்கவில்லை. முன்பே அவன் அப்படிப்பட்ட பையனாக இருந்திருக்கலாம். இருந்தாலும், அவன் பேசி முடிக்கிற வரையில் நான் பத்திரிகையின் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.