பங்கு

நுழையும்முன்

வெள்ளம் வரும்போது முதலில் வந்து கதவைத் தட்டுபவர் யார்? அவர் நம் பெயரை எங்ஙனம் அறிந்தார்? இவ்வினாக்களை ஒட்டி எழுந்தது இக்கட்டுரை. நாம் நாள்தோறும் வழங்கும் ஒரு சிறு சொல்லுக்குள் எத்தனை பொருள் அடங்கியுள்ளது என்பதையும் இதில் காணலாம்.

குண்டலுபேட்டை எனக்குப் பிறந்த ஊர் அன்று. பணியின் பொருட்டு வாய்த்த ஊர். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997 இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. பந்திப்பூர்க் காட்டின் தலைவாயிலில் அமைந்த இவ்வூரிலிருந்து ஒரு சாலை முத்தங்கா வழியாக வயநாட்டுக்கும், மற்றொன்று முதுமலை வழியாக உதகைக்கும், வேறொன்று நஞ்சன்கூடு வழியாக மைசூருக்கும் செல்கின்றன. உதகைச் சாலைக்கு முன்னர் 67 என்னும் எண் இருந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய அந்தத் தேசிய நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் முடிவடைந்தது. என் சொந்த ஊர் நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூர். ஒரே சாலையின் ஒரு முனையில் பிறந்து மறுமுனையில் தமிழ் கற்பிக்கிறேன் என்று மாணவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான் இங்குப் பணியேற்ற 2018 ஆம் ஆண்டிலேயே பெருமழை வந்தது. வயநாட்டு மலைகளில் பெய்த மழை கபினி ஆற்றில் இறங்கியது. அணை நிறைந்து நீர் திறந்துவிடப்பட்டதும், நஞ்சன்கூட்டில் கபிலை எனப்படும் அதே ஆறு கரை கடந்தது. மேற்கே கேரளத்தின் நிலை இதனினும் கொடிது. ஆகஸ்டு 1 முதல் 19 வரை அங்கு இயல்பாகப் பெய்ய வேண்டிய மழை ஏறத்தாழ 288 மில்லிமீட்டர். பெய்ததோ 759 மில்லிமீட்டர். இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் அத்தகைய வெள்ளத்தைக் கேரளம் கண்டதில்லை. நானூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நிவாரண முகாம்களில் தங்கினர்.

அந்நாள்களில் குண்டலுபேட்டைக் கடைத்தெருவில் மேற்கு நோக்கிச் செல்லும் லாரிகளே மிகுதியாகத் தெரிந்தன. அரிசி மூட்டை, போர்வை, குடிநீர்ப் புட்டி, குழந்தைகளுக்கான பால்மாவு என்று ஒவ்வொன்றும் ஏற்றப்பட்டிருந்தன. காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. ஆகவே மாலையில் வந்து சேர்ந்த வண்டிகள் விடியலுக்காகச் சாலையோரம் காத்து நின்றன.

எங்கள் பள்ளியில் அப்போது கணிதம் கற்பித்த ஆசிரியை ஒருவர் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் கடற்கரையைச் சேர்ந்தவர். ஒருநாள் காலை, "டீச்சர், எங்கள் இடவகையில் ஆண்களைக் காண்பதே அரிதாம். படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் செங்ஙன்னூருக்குப் போய்விட்டார்கள். அண்ணனும் போயிருக்கிறான்" என்றார். அவர் முகத்தில் அச்சமும் பெருமிதமும் ஒருங்கே தெரிந்தன. 'இடவக' என்பது தேவாலயத்தைச் சார்ந்த மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் மலையாளச் சொல். தமிழில் இதனையே 'பங்கு' என்கிறோம்.

அன்று முதல் அச்சொல் என் நெஞ்சில் தங்கிவிட்டது. பங்கு என்றால் பகிர்ந்து பெறும் பகுதி என்பது நாம் அறிந்ததே. உடன்பிறந்தார் பிரித்துக்கொள்வதும் பங்கு. விளையாட்டில் பங்கு கொள்வதும் பங்கு. கத்தோலிக்கத் தமிழர் இச்சொல்லை ஒரு தேவாலயத்தின் எல்லைக்கும் அதன் மக்களுக்கும் பெயராக்கினர். அம்மக்களை வழிநடத்தும் குருவைப் பங்குத்தந்தை என்றனர். பங்கினுள் ஏறத்தாழ முப்பது குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவுக்கு 'அன்பியம்' என்று பெயர். தென்னிந்தியத் திருச்சபையார் தம் சபைகளின் தொகுதியைச் 'சேகரம்' என்பர். பெயர்கள் வேறாயினும் அவை செய்யும் பணி ஒன்றே. இன்ன வீட்டில் குழந்தை பிறந்தது, இன்ன வீட்டில் திருமணம் நடந்தது, இன்னார் இறந்தார் என்பன தேவாலயப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. பதிவேட்டில் எழுதப்படாதவற்றை அன்பியத்தார் அறிவர். படுக்கையில் கிடக்கும் முதியவர் எவர், கணவர் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் பெண் எவர், காது கேளாதவர் எவர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

வெள்ளக் காலத்தில் இந்த அறிவே முதல் உதவியாகிறது. அரசின் படகு தெருமுனைக்கு வந்துவிடலாம். ஆனால் அத்தெருவின் நான்காம் வீட்டு மாடியறையில் நடக்க இயலாத மூதாட்டி ஒருவர் இருக்கிறார் என்பதை அண்டை வீட்டாரே சொல்ல வேண்டும்.

இதனை நான் என் வாழ்விலேயே கண்டேன். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எங்கள் கடற்கரையைத் தாக்கியபோது, ஒரு பள்ளிக்கூடத்து முற்றத்தில் பலருடன் நானும் தங்கியிருந்தேன். உணவுக்குக் குறைவில்லை. யார் யாரோ எங்கிருந்தெல்லாமோ பொட்டலங்கள் கொண்டுவந்தனர். அவர்கள் அனைவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள். எனினும் மூன்றாம் நாள் எங்கள் தெருவை அறிந்த பெரியவர் ஒருவர் கையில் ஒரு பழைய குறிப்பேட்டுடன் வந்தார். ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் சொல்லி, "அம்மா எங்கே? தம்பி வந்துவிட்டானா?" என்று வினவினார். அதுவரை அழாதிருந்த பலர் அப்போதுதான் அழுதனர். பசியை ஆற்ற உணவு போதும். நம்மைத் தேடும் ஒருவர் உண்டு என்னும் ஆறுதலை உணவு தருவதில்லை.

விழிஞ்ஞம் முதலிய கடற்கரைப் பங்குகளும் இத்தகைய துயரத்தை முன்னரே கடந்து வந்தவை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. அப்போது ஆழ்கடலில் இருந்த மீனவர் பலர் கரை திரும்பவில்லை. தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களும், கேரளத்தில் பூந்துறை, விழிஞ்ஞம் முதலிய ஊர்களும் பேரிழப்புக்கு உள்ளாயின. காணாமற்போனவர் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் மாறுபட்டபோது, பங்குகள் தம் மக்களின் பட்டியலைத் தாமே தொகுத்தன. எண்ணிக்கையில் ஒருவர் விடுபடுவது எண்ணுவோர்க்குச் சிறு பிழை; அவருடைய வீட்டார்க்கோ அது முழு உலகமும் விடுபடுவதாகும். ஆதலின் அப்பட்டியல்கள் வெறும் தாள்கள் அல்ல. கிறிஸ்துமஸ் விழா வந்தபோது அவ்வூர்களில் கொண்டாட்டம் இல்லை. துயருற்ற வீடுகளில் உடனிருப்பதே விழாவாயிற்று.

ஒக்கி வீசி ஒன்பது மாதங்கள் நிறைவதற்கு முன்னரே கேரளத்தின் உள்நாட்டை வெள்ளம் சூழ்ந்தது. பம்பை, அச்சன்கோவில், பெரியாறு, சாலக்குடி ஆறுகள் ஊர்களுக்குள் புகுந்தன. கடற்கரைத் தேவாலயங்களில் பங்குத்தந்தையர் மீனவரை அழைத்தனர். அரசும் உதவி வேண்டியது. இரவோடு இரவாக ஃபைபர் படகுகள் லாரிகளில் ஏறின. கடலில் ஓடிப் பழகிய படகுகளுக்கு ஊர்த் தெருக்கள் எளிய வழிகள் அல்ல. நீரினுள் மறைந்த மதிற்சுவர், இரும்புக் கதவு, மின்கம்பி ஆகியவை படகின் அடியைக் கிழித்தன. எஞ்சின் விசிறிகள் உடைந்தன. பல இடங்களில் மீனவர் நீரில் இறங்கித் தோளால் படகைத் தள்ளிச் சென்றனர்.

அம்மீட்புப் பணியில் ஏறத்தாழ 4,500 மீனவர்களும் 669 படகுகளும் ஈடுபட்டதாகவும், அவர்கள் 65,000 பேர் வரை மீட்டதாகவும் கணக்கிடப்பட்டது. அவர்களுள் கிறித்தவர் மட்டுமன்றி இசுலாமியரும் இந்துக்களும் இருந்தனர். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தபோது, பணம் வேண்டா, உடைந்த படகைச் செப்பனிட்டுத் தந்தால் போதும் என்றோர் பலர். மாநில முதலமைச்சர் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று போற்றினார்.

கணித ஆசிரியையின் அண்ணன் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். "யாரை மீட்டாய் என்று கேட்டேன் டீச்சர். பெயர் தெரியாது, கிடைத்தவரை எல்லாம் ஏற்றினோம் என்றான்" என்று ஆசிரியை சொன்னார். தம் மக்களைப் பெயர் சொல்லித் தேடிப் பழகிய ஒரு பங்கு, பெயர் அறியாதவரையும் தேடிச் சென்றது. தன் வீட்டு வாசலில் கற்ற பாடத்தை அது அடுத்தவர் வாசலில் ஒப்புவித்தது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

தேவாலயம் என்பது கல்லும் சுண்ணமும் தரும் பாதுகாப்பு மட்டுமன்று. அவ்வெள்ளத்தில் எறணாகுளம் மாவட்டம் பறவூரை அடுத்த வடக்குக் குத்தியதோட்டில், தேவாலயத்தைச் சேர்ந்த கட்டடம் ஒன்று இடிந்ததில் அங்கு அடைக்கலம் புகுந்திருந்த அறுவர் உயிரிழந்தனர். கட்டடம் கைவிடலாம், அதனால் ஒன்றுகூடிய மக்கள் ஒருவரையொருவர் கைவிடாமையே பங்கு எனப்படும். அதே மாதம் 22 ஆம் நாள் பக்ரீத் பெருநாள் வந்தது. திருச்சூர் மாவட்டத்து மாள என்னும் ஊரின் அருகே பள்ளிவாசலை நீர் சூழ்ந்திருந்தமையால், கோவில் மண்டபம் ஒன்று தொழுகைக்காகத் திறந்துவிடப்பட்டது. அம்மண்டபத்தாரும் அன்று தம் பங்கின் எல்லையைச் சற்றே விரித்தனர்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 2024 சூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் புதைந்தன. இறந்தோருள் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த சாமராஜநகர் மாவட்டத்தாரும் இருந்தனர். இம்முறை துயரம் சாலையைக் கடந்து எங்கள் மாவட்டத்து வீடுகளுக்கே வந்தது. அடையாளம் காணப்படாத உடல்களும் உடற்பகுதிகளும் புத்துமலையில் அடக்கம் செய்யப்பட்டன. ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் பெயருக்கு மாறாக ஓர் எண் பொறித்த கல் நடப்பட்டது. இன்ன சமயத்தார் என அறிய இயலாமையால் எல்லாச் சமயத்துப் பெரியோரும் கூடி நின்று வேண்டினர்.

அச்செய்தியை வகுப்பில் வாசித்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அவர்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள்?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. "வந்து நின்றவர்கள் அனைவரும் எங்கள் பங்கு என்று சொல்லிவிட்டார்களே" என்று பின்வரிசை மாணவன் ஒருவன் விடை கூறினான். நான் அதனைக் கரும்பலகையில் எழுதினேன். அன்றைய பாடத்தில் அதற்குமேல் சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை.

மதிப்பீடு

1. 'பங்கு' என்னும் சொல் இக்கட்டுரையில் எவ்வெப் பொருள்களில் ஆளப்பட்டுள்ளது? எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. வெள்ளக் காலத்தில் அன்பியத்தாரின் அறிவு எவ்வாறு முதல் உதவியாகிறது?
3. ஒக்கிப் புயலின்போது பங்குகள் தொகுத்த பட்டியல் ஏன் இன்றியமையாதது ஆயிற்று?
4. உங்கள் தெருவில் வெள்ளம் புகுந்தால் முதலில் எவர் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? காரணத்துடன் ஒரு பத்தி எழுதுக.